பழைய நம்பர், புதிய நம்பர்

ஏலே பேராண்டி, நம்ம வம்சத்துல ஒன்னய மாதிரி ஒரு புத்திசாலி இதுக்கு முன்னால பெறந்ததில்ல. இனிமே பெறக்கவும் வேண்டாம். ஒங்கம்மா போன்ல சொன்னா, கம்பெனிக்காரன் ஒனக்குச் சம்பளத்த ஏத்திக் குடுத்திருக்கானாம். எதுக்குன்னு கேட்டேன். சம்சாரிகளுக்குன்னு நீங்க நடத்துத வெப்சைட்டுல டேக்குக நூத்துக்கணக்குல கண்டபடி கெடந்துச்சாம், நீ உக்காந்து அம்புட்டையும் ஒதுங்க வச்சிட்டியாம். சிலதுக்குப் பேர மாத்துனியாம், சிலத ஒண்ணோட ஒண்ணு சேத்தியாம், சிலத தூக்கியே போட்டுட்டியாம். ரொம்ப சந்தோசம்லே.

அந்தச் சந்தோசத்தோட ஒன் சைட்டத் தொறந்து, தேடுத பெட்டில ‘பருத்தி’ன்னு அடிச்சேன். கரிசக்காட்டுல பெறந்தவன் வேற என்னத்த அடிப்பான்? ‘முடிவுகள் எதுவும் இல்லை. வேறு சொல்லில் தேடிப் பாருங்கள்’னு வந்துச்சு. பருத்திக்கு வேற சொல்லுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? எங்க பாட்டன் பருத்தின்னாரு, நான் பருத்திங்கேன், மில்லுக்காரன் பருத்திங்கான், மதுரையில பருத்திப்பால் விக்கவனும் பருத்தின்னுதான் கூவுதான். பெறவு ஒன் தங்கச்சி வந்து நோண்டிப் பாத்துட்டுச் சொல்லுதா: “தாத்தா, அத ‘நார்ப்பயிர்கள்’னு மாத்திட்டாங்க.” உள்ள போயிப் பாத்தா போன மாசம் வரைக்கும் இருந்த சரக்கு அப்படியே இருக்கு. காய்ப்புழுவுக்கு மருந்து, மார்க்கெட்டு வெல, வெத கெடைக்க எடம், ஒண்ணும் தொலஞ்சு போகல. அப்ப இல்லன்னு சொன்னது யாரு? ஒன் பெட்டிதான? இருக்கத இல்லன்னு சொன்னா அதுக்கு எங்க ஊர்ல வைக்கிற பேரு வேற. நீங்க படிச்சவுக, ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’னு கவுரவமா ஒரு பேரு வச்சிருப்பீக.

பேரு மாத்துததுக்கு நான் எதிரின்னு நெனச்சிராத. இந்தத் திண்ணைய விட்டு எறங்காமலே மாவட்டம் மாவட்டமாக் குடி போனவன் நான். நான் பெறக்கும்போது சங்கரன்கோவில் திருநெல்வேலி ஜில்லா. 1986-ல தூத்துக்குடிப் பக்கத்தச் சிதம்பரனார் மாவட்டம்னு பிரிச்சாக. மிச்சமிருந்த நமக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்னு பேரு வந்துச்சு. 1997-ல தலைவருக பேரையெல்லாம் மாவட்டத்துல இருந்தும் எடுத்தாக, பஸ்ஸுல இருந்தும் எடுத்தாக, மறுபடியும் திருநெல்வேலி. 2019 நவம்பர்ல தென்காசி. இதுல எதையும் நான் தடுக்கல. எங்கிட்ட யாரும் கேக்கவும் இல்லங்கது வேற விசயம். ஆனா கடுதாசி மட்டும் தப்பாம வந்துக்கிட்டு இருந்துச்சு. 1972-ல கொண்டாந்த பின்கோடு, மாவட்டத்துக்குப் பேரு வைக்கவுகளப் பாத்துக் கூடக்கூட மாறிக்கிட்டு இருக்கல.

காட்டு விசயத்துல சர்க்கார் இன்னும் சூதானம். 1979-ல இருந்து 1987 வரைக்கும் யூ.டி.ஆர்.னு ஒரு பெரிய வேல நடந்துச்சு. நெலப் பதிவேடு அம்புட்டையும் புதுப்பிச்சாக. சர்வே நம்பர் மாறுன காடா இருந்தா பத்திரத்தோட கடைசில ‘சொத்து விவரம்’னு இருக்கும்லா, அத எடுத்துப் பாரு. பழைய சர்வே எண் இன்னது, புதிய சர்வே எண் இன்னதுன்னு ரெண்டையும் அடுத்தடுத்து எழுதிருப்பான். பத்திரம் எழுதுதவன் ஒன் அளவுக்குப் படிக்காதவன்தான். ஆனா நாளைக்கு ஒருத்தன் வில்லங்கம் போட்டுப் பாக்கணும்னா பழைய நம்பர் இல்லாம தாய்ப்பத்திரத்துக்குப் போக முடியாதுன்னு அவனுக்குத் தெரியும்.

அம்புட்டுத் தூரம் எதுக்கு, நீ குடியிருக்க மெட்ராஸ்லயே பாரு. வாசப்படிப் பக்கத்துல ஒரு பலக: பழைய எண் 14, புதிய எண் 31. கார்ப்பரேசன் நம்பர மாத்துச்சு, வீட்டுக்காரன் பழச அழிக்கல. கூரியர் பையன் எந்த நம்பரோட வந்தாலும் வீடு கெடைக்கும். தெனமும் அந்தப் பலகையத் தாண்டித்தான நீ டேக்கு மாத்த ஆபீசுக்குப் போற?

பேர மாத்துனத நீ ஏன் வெளிய சொல்லலங்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. மறந்துபோயி இல்ல. சொன்னா நாலு பேரு ‘ஏன் மாத்துன’ன்னு கேப்பான், கேட்டா மீட்டிங்குல பதில் சொல்லணும். 2020 ஜூன்ல தமிழ்நாட்டு சர்க்கார் 1,018 ஊருகளோட இங்கிலீஷ் எழுத்த, நாம வாயில சொல்லுததுக்குத் தக்கன மாத்தி உத்தரவு போட்டுச்சு ஞாபகம் இருக்கா? பட்டியலையும் பகிரங்கமா விட்டாக. வேலூருக்கு எழுத்துக தாறுமாறா நின்னுச்சு, கோயம்புத்தூரு பலகைக்குள்ள அடங்காம நீண்டுபோச்சு. நாடே சிரிச்சுச்சு. அந்த மாசத்துக்குள்ளயே வாபஸ். ஒங்க மேனேஜர் இதுல இருந்து ‘பட்டியல வெளிய விடாத’ன்னு படிச்சிருப்பாரு. பட்டியல விட்டதுனாலதான் தப்பு ஒரு மாசத்துக்குள்ள தெரிஞ்சுச்சு. விடாம இருந்தா ரயில்வே டேசன்ல போயி நின்ன பெறவுதான தெரிஞ்சிருக்கும்?

“சொல்லாம இல்ல தாத்தா, எல்லாருக்கும் மெயில் போட்டோம்”னு நீ இழுப்ப. அந்த மெயில ஒங்கப்பன் போன்ல நான் வாசிச்சேன். உங்கள் தேடல் அனுபவத்தை மேலும் இனிமையாக்கக் குறிச்சொற்களை மேம்படுத்தியுள்ளோமாம். நடுவுல ஒரு படம். ஒரு பிள்ள லேப்டாப்பப் பாத்துத் தனியா சிரிச்சுக்கிட்டு இருக்கா. அவளுக்கு என்ன கெடச்சுச்சோ தெரியல. பருத்திங்கிற சொல்லும் அதுல இல்ல, நார்ப்பயிருங்கிற சொல்லும் இல்ல, என்னையில இருந்துன்னு தேதியும் இல்ல. கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ள பேரு, பொண்ணு பேரு, தேதி மூணையும் விட்டுட்டு ‘இனிதே நடைபெறும்’னு மட்டும் அடிச்சா நீ எந்த மண்டபத்துக்குப் போவ?

சொல்ல வேண்டிய எடம் மெயிலும் இல்ல, முகப்புல ஓடுத பட்டையும் இல்ல. சம்சாரி பழைய சொல்ல அடிக்கான் பாரு, அந்த நிமிசத்துல, அந்தப் பெட்டிக்குக் கீழ சொல்லணும். ரெண்டு வரி போதும்: ‘பருத்தி இப்போது நார்ப்பயிர்கள் என்ற தலைப்பில் உள்ளது. பழைய பேரில் தேடினாலும் கிடைக்கும்.’ அதுக்கடுத்தாப்புல சரக்க அங்கனயே விரிச்சுக் காட்டிரு. இங்க அமுக்குங்க, அங்க போங்கன்னு தாலுகா ஆபீசு வேலையெல்லாம் காட்டாத. அந்த ரெண்டு வரியவும் ஆயுசுக்கும் காட்டிக்கிட்டு இருக்க வேண்டாம். ஒரே ஆளுக்கு நாலஞ்சு தடவ காட்டிட்டு விட்டுரு, காது புளிச்சுப்போகும். ஆனா பழைய சொல்லுல இருந்து புதுசுக்குப் போற வழி இருக்குல்லா, அத என்னைக்கும் மூடாத. அது ஒங்கிட்ட சோறா கேக்கு?

இதெல்லாம் நேத்துப் பெறந்த வித்தைன்னு நெனைக்காத. நம்ம சீர்காழிக்காரரு ரங்கநாதன், 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகத்துக்குப் பொறுப்பா வந்தவரு, 1931-ல நூலகத்துக்குன்னு அஞ்சு விதி எழுதி வச்சாரு. வாசிக்க வாரவனோட நேரத்த மிச்சம் பண்ணணுங்குறது அதுல நாலாவது. அந்தக் காலத்து நூலகத்துல மர டிராயருக்குள்ள அட்டை அட்டையா அடுக்கிருப்பாக. சில அட்டைல புஸ்தகமே இருக்காது. ‘இதுக்கு இன்ன தலைப்பப் பாரு’ன்னு ஒரே வரி இருக்கும். புஸ்தகம் இல்லாத அட்டைக்கு டிராயர்ல எதுக்கு எடம்னு அன்னைக்கு ஒன்னய மாதிரி யாரும் கேக்கல. அமெரிக்காவுல காங்கிரஸ் நூலகத்துல சமையல் புஸ்தகங்களுக்கு ‘குக்கரி’ன்னு தலைப்பு போட்டு வச்சிருந்தாக, 2010-ல அத ‘குக்கிங்’னு மாத்துனாக. பழச அழிச்சிரல, புதுசோட பதிவுலயே பழைய பேரையும் எழுதி வச்சாக. விக்கிபீடியாவுல இங்கிலீஷ்ல பம்பாய்னு அடிச்சுப் பாரு, மும்பைப் பக்கத்துக்குக் கொண்டு போயி விட்டுட்டு, தலைப்புக்குக் கீழ பொடி எழுத்துல ‘பம்பாயில இருந்து வந்துருக்க’ன்னும் சொல்லும். தமிழ் விக்கிபீடியாக்காரன் இதுக்கு ‘வழிமாற்று’ன்னு பேரு வச்சிருக்கான். கல்கத்தா 2001-ல கொல்கத்தா ஆச்சு. கம்ப்யூட்டருகளுக்கெல்லாம் நேரம் சொல்லுத பட்டியல்ல ‘ஆசியா/கொல்கத்தா’ன்னு புதுசு போட்ட பெறவும், பழைய ‘ஆசியா/கல்கத்தா’வ அதோட கோத்து வச்சிருக்காக. அத அத்துவிட்டா எத்தன மிசினுக்கு மணி தெரியாமப் போகும்னு அந்தப் பட்டியல் வைக்கவுகளுக்குத் தெரியும்.

ஒன் தங்கச்சி ராவெல்லாம் போன்ல கத வாசிக்காளே, ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்னு ஒரு எடம், அங்க நடக்க கூத்து இதவிட நயம். கத எழுதுதவுக மனசுக்குத் தோணுனத டேக்கா எழுதலாமாம். ஒரே சங்கதிக்குப் பத்துப் பேரு பத்து விதமா எழுதுவான். சம்பளம் வாங்காத தொண்டருக உக்காந்து, பத்தையும் ஒரு பொதுப் பேரோட பின்பக்கமா முடிஞ்சு போடுவாகளாம். எழுதுனவன் சொல்ல ஒருத்தரும் தொடுததில்ல. ஆனா எதத் தேடுனாலும் பத்தும் வரும். 2019-ல அந்தத் தளத்துக்கு ஹியூகோ விருது குடுத்திருக்காக. காசு வாங்காதவன் இம்புட்டுச் செய்யும்போது, சம்பளம் ஏறுன நீ என்ன செய்யணும்?

எல்லாத்தையும் வழிமாத்தித் தள்ளிரலாம்னும் குதிக்காத. ‘கால்நடை’ன்னு இருந்தத மாடு, ஆடு, கோழின்னு மூணா ஒடச்சிருக்கிய. பழசத் தேடுதவன எந்தக் கொட்டிலுக்குள்ள தள்ளுவ? அவன் ஆட்டுக்காரனா மாட்டுக்காரனான்னு ஒனக்கு எப்படித் தெரியும்? அங்கதான் கேக்கணும்: ‘கால்நடை இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கிறது, உங்களுக்கு எது வேண்டும்?’ தென்காசி பிரிஞ்ச புதுசுல ஒரு சைட்டுல திருநெல்வேலின்னு அமுக்கிட்டு எங்க ஊர் பேரத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போனவுக இந்தத் தெருவுல இருக்காக. ‘உங்கள் ஊர் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது’ன்னு ஒரு வரி இருந்தா சோலி முடிஞ்சிருக்கும். விக்கிபீடியாவுல இப்படி எது வேணும்னு கேக்க பக்கத்துக்குப் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’னு பேராம். வாய்க்குள்ள நுழைய நேரமாகும், ஆனா காரியம் லேசு.

சேத்ததுலயும் ஒரு சங்கடம் இருக்கு. ஐ.நா. சபை 2023-அ சிறுதானிய வருசம்னு அறிவிச்சாலும் அறிவிச்சுச்சு, நீங்க கம்பு, கேழ்வரகு, குதிரைவாலி எல்லாத்தையும் ஒரே சாக்குல கொட்டிட்டீக. குதிரைவாலியத் தேடுதவனுக்குக் கேழ்வரகுக் களி கிண்டுதது எப்படின்னு வருது. தேடுனவன் சொன்ன சொல்ல அந்தச் சாக்குக்குள்ளயும் கொண்டு போயி, அவன் கேட்டத மட்டும் மொதல்ல பெறக்கிக் காட்டணும்.

இப்ப ஒன் தலைல குட்ட வேண்டிய எடத்துக்கு வாரேன். வடக்குத் தெரு சம்சாரி ஒருத்தரு ஒன் சைட்டுல ‘பருத்தி விலை’ன்னு தேடி, அதச் சேத்து வச்சிருந்தாரு. புதுசா வெல வந்தா போனு ‘டிங்’குங்கும். நீ என்னைக்குப் பேர மாத்துனியோ அன்னையில இருந்து டிங் இல்ல. இதுல கூத்து என்னன்னா, பெட்டி அவருகிட்ட இல்லன்னுகூடச் சொல்லல. சும்மா இருந்துச்சு. சும்மா இருந்தா மனுசன் என்ன நெனைப்பான்? மார்க்கெட்டுல அசைவு இல்லன்னு நெனச்சிட்டாரு. யாவாரி வந்தான், வாயில வந்த வெலையச் சொன்னான், இவரு தராசத் தூக்கிட்டாரு. மறுநாளு ஒன் தங்கச்சி ‘நார்ப்பயிர்கள்’ல காட்டுன வெலைய அவரு உத்துப் பாத்துக்கிட்டே இருந்தாரு, ஒண்ணும் சொல்லல. குவிண்டாலுக்கு எம்புட்டு வித்தியாசம்னு நானும் சொல்ல மாட்டேன். சொன்னா ஒங்க ஆச்சி ஒன்னயத் தேடி இன்னைக்கு ராத்திரியே பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறிருவா.

தேடிக் கெடைக்காதவன் ரெண்டு திட்டு திட்டிட்டு வேற வழி பாப்பான். சேத்து வச்சவன் நம்பிக் காத்துக் கெடப்பான். அவனுக்குத்தான் சேதம் சாஸ்தி. அவன் சேத்து வச்சத நீயே புதுப் பேருக்கு மாத்திக் குடு. மாத்திட்டு ‘நீங்கள் சேமித்த பருத்தி விலை, இந்தத் தேதி முதல் இந்தப் பேரில் வரும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்’னு அந்த ஆளுக்கு மட்டும் ஒரு சேதி அனுப்பு. மாத்த முடியாததா இருந்தா ‘இது நின்றுவிட்டது’ன்னாவது சொல்லு. ஊருக்கெல்லாம் சிரிக்கிற பிள்ள படம் அனுப்பத் தெரிஞ்ச ஒனக்கு இதுவா முடியாது?

ஒரேயடியாத் தூக்குன டேக்குகளுக்கும் சாவுச் சேதின்னு ஒண்ணு வேணும். ஒங்க கம்ப்யூட்டரு பாசையிலயே 404-னு ஒண்ணு, 410-னு ஒண்ணு ரெண்டு நம்பர் இருக்காமே. மொதலாவது ‘காணோம்’னு மட்டும் சொல்லும், இனிமே வருமா, வராதா, எழுத்துப் பிழையான்னு ஒண்ணும் வெளங்காது. ரெண்டாவது ‘இருந்துச்சு, எடுத்தாச்சு, இனிமே வராது’ன்னு நேரா சொல்லிரும். ரெண்டுக்கும் வித்தியாசம், கடைசி வண்டி போயிருச்சுன்னு ஒருத்தன் சொல்லிட்டுப் போறதுக்கும், சொல்ல ஆளில்லாம விடிய விடிய ஸ்டாப்புல நிக்கதுக்கும் உள்ள வித்தியாசம். ரெண்டு நம்பரையும் கையில வச்சுக்கிட்டு நீங்க அம்புட்டுப் பேரும் மொதலாவதையே ஏன் போடுதீகன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

பெரிய எடத்துலயும் இந்தக் கூத்து நடந்திருக்கு, அதுக்காக நீ நெஞ்ச நிமித்திக்கிறாத. கூகுள்ல தேடும்போது ஒரு சொல்லுக்கு முன்னால கூட்டல் குறி போட்டா, அந்தச் சொல்லு கட்டாயம் வரணும்னு அர்த்தமா இருந்துச்சு. 2011-ல கூகுள் பிளஸ்னு புதுசா ஒரு கட தொறந்தாக. அந்த வருசம் அக்டோபர்லயே தேடுதவன் கையில இருந்த கூட்டல் குறியப் பிடுங்கிட்டாக. மேற்கோள் குறி போட்டுக்கோன்னுட்டாக. 2019 ஏப்ரல்ல பொதுஜனத்துக்கான அந்தப் பிளஸ் கடையவே மூடிட்டாக. கூட்டல் குறி மட்டும் பழைய வேலைக்குத் திரும்பல. பக்கத்தோட பழைய நகலக் காட்டுத ‘கேஷ்’னு ஒரு சொல்லு இருந்துச்சு, அதுவும் 2024-ல போச்சு. ஆனா ஒண்ணு ஒத்துக்கிடணும், போறப்போ போறேன்னு வாயத் தொறந்து சொன்னாக. நீ அதையும் செய்யல.

இன்னொண்ணு. செத்த டேக்கோட பேர எடுத்து வேற எதுக்காவது சூட்டி வச்சிராத. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு ‘சி.எஸ்.’னு ரெண்டெழுத்து நாட்டுக்குறி இருந்துச்சு. 1993-ல நாடு ரெண்டாப் போச்சு, குறி சும்மா கெடந்துச்சு. 2003-ல செர்பியா மாண்டினீக்ரோவுக்கு அதே எழுத்தத் தூக்கிக் குடுத்துட்டாக. பழைய கணக்குல சி.எஸ்.னா ஒரு நாடு, புதுக் கணக்குல வேற நாடு. 2006-ல அந்த நாடும் பிரிஞ்சுபோச்சு. பட்ட பெறவுதான், ஒரு நாட்டு எழுத்த எடுத்தா அம்பது வருசம் வேற யாருக்கும் குடுக்கப்படாதுன்னு வச்சாக. ‘தட்டான்’னு பயறு இருந்த எடத்துல நீ டிரோன் மருந்தடிப்ப வச்சிருக்கன்னு கேள்விப்பட்டேன். பறக்குததுனால வச்சியோ?

கடைசியா, நீ தூக்குன அந்த ‘மானாவாரி’ டேக்கு. அத ஏன் எடுத்தன்னு ஒன் தங்கச்சியவிட்டுக் கேக்கச் சொன்னேன். சித்திர, வைகாசி, ஆனின்னு மூணு மாசம் கணக்குப் பாத்தியாம், தேடுனவன் ஒருத்தனும் இல்லையாம், ‘பயன்பாடு குறைவு’ன்னு எழுதித் தூக்கிட்டியாம். அடக் கூறுகெட்ட பயலே, சித்திரைல மானாவாரியத் தேடுததுக்கு அவன் என்ன கோட்டிக்காரனா? எங்க கரிச பூமி வடகிழக்கு மழைய நம்புத பூமி. புரட்டாசில வெத போடணும், ஆவணிக் கடைசிலதான் எந்த வெத, எம்புட்டு, எப்பன்னு யோசன ஓடும். சம்சாரி காடு காஞ்சு கெடக்கும்போது ஒன் சைட்டுக்கு வரல, அதுக்காக அவன் செத்துட்டான்னு எழுதிட்டியா? ஒரு டேக்க எடுக்கதுக்கு முன்னால ஒரு வருசத்துக் கணக்கு முழுசாப் பாக்கணும். பாத்துட்டு, ‘இந்தத் தேதியில் இதை எடுக்கப்போகிறோம், வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள்’னு அந்த டேக்கு மேலயே எழுதிப் போட்டு, ஒரு போகமாவது பொறுக்கணும்.

சம்பள உயர்வத் திருப்பிக் குடுன்னு நான் கேக்கல, அதுல ஒங்க ஆச்சிக்கு ஒரு சேல எடு. பருத்திச் சேலையே எடு. கடைக்காரன்கிட்ட நார்ப்பயிர்ச் சேலன்னு கேட்டு நிக்காத. மத்தத மெதுவாப் பாத்துக்கிடலாம். மானாவாரிய மட்டும் ஆவணி பெறக்கதுக்குள்ள பழைய பேர்லயே திரும்பப் போட்டு, வடக்குத் தெரு சம்சாரிக்குப் போட்டாச்சுன்னு ஒரு சேதி அனுப்பிரு.